காதைப் பிடித்திருந்த கை

நான் எழுதும் கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் வாயாடிகள். ரேஷன் கடையில் நியாயம் கேட்பார்கள், மாமியாரை எதிர்த்துப் பேசுவார்கள், கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார்கள். அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்க வருகிறவர்கள், நான் கதவு மறைவில் நின்று "உக்காருங்க" என்று முனகுவதைக் கேட்டு ஏமாந்து போகிறார்கள். என் சுபாவம் அது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த ஐந்து வருஷமும் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தாளைக் கையில் எடுத்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

அப்படியும் ஒரு கிடாவின் சங்கதியை மட்டும் என்னால் கதையாக்க முடியவில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர், மாமியார், நான், மூன்று பேருக்கும் அளத்தில்தான் வேலை. எங்கள் அடுப்பில் என்ன வேகும் என்பதும் அளத்தைப் பொறுத்ததுதான். வெயில் காலத்தில் உப்பு வாரும்போது சமைக்க நேரம் இருக்காது. கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் தூக்குச்சட்டியில் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கிவிடும், வேலை இல்லை. அப்போது கழுவெளி ஏரியில் பிடித்த நண்டை ரசம் வைப்பேன், இல்லாவிட்டால் வரப்பில் முளைக்கும் உமரிக்கீரையைக் கிள்ளிவந்து பருப்போடு கடைவேன்.

அப்படி ஒரு கார்த்திகையில் என் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் நடக்கக் கற்றிருந்தான். உடம்பு அனலாய்க் கொதித்து, கண் திறக்காமல் கிடந்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஊரில் மாமியார் அம்மன் கோயில் வாசலில் விழுந்து, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் ஆடியில் கிடா கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். நாங்கள் வீடு திரும்பியபோது கொல்லையில் ஒரு கறுப்புக் கிடாக்குட்டி கட்டியிருந்தது.

அதுவும் என்னைப் போலவே கூச்சப்பட்டது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தழையில் வாய் வைக்காது. நான் திரும்பி நின்றுகொள்வேன், பின்னால் மென்று தின்னும் சத்தம் கேட்கும். பகலெல்லாம் அளத்து வரப்பில் படுத்துக் கிடக்கும். உப்பு ரோமத்தில் ஒட்டித் தோல் புண்ணாகும். அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அதைக் கழுவிவிடுவேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் என்றால் தூரத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வர வேண்டும். என் நாத்தனார் வரும்போதெல்லாம் இதைப் பார்த்துவிட்டு, "மனுசாளுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், இங்க ஆட்டுக்கு குளியலு. சீயக்கா வேணா அரைச்சித் தரட்டா அண்ணி?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே கழுவுவேன்.

ஆடு நனைந்தால் உடனே உடம்பை உதறும், என் புடவையெல்லாம் நனையும். அதற்காக அதன் ஒரு காதை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் தண்ணீர் ஊற்றுவேன். கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிட்டது. காதை விட்டால்தான் குளியல் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். நான் கையை எடுத்துவிட்டு நகர்ந்ததும் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு உதறு உதறும். என் பையன் அந்தத் தண்ணீர் மேலே தெறிப்பதற்காகவே பக்கத்தில் வந்து நிற்பான்.

ஆடி வந்தது. மாமியாரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். என்ன சொல்வது? வேண்டுதல் என் பிள்ளைக்காக. வேறு கிடா வாங்கலாமா என்று கேட்கலாம்தான். நேர்ந்துவிட்டதை மாற்றி, அதனால் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? கேட்க வாயெடுப்பேன், பையன் இருமுவான், என் வாய் மூடிக்கொள்ளும்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை கிடாவுக்கு மாலை போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எங்கள் வழக்கப்படி பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் தெளிப்பார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது.

பூசாரி தெளித்தார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். மற்ற ஆடுகளாக இருந்தால் முதல் துளியிலேயே சிலுப்பியிருக்கும். இது குளியலுக்கு நிற்பதைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. காதைப் பிடிக்கிற கை எங்கே என்று அது தேடியதோ என்னவோ, கண் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்றேன். இப்படியே நின்றுவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முணுமுணுத்தது. வேண்டுதலில் ஏதோ குறை என்று ஒருத்தி சொன்னாள். அம்மன் இதை ஏற்கவில்லை என்றால் பிள்ளையை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. நாத்தனார் இடுப்பில் இருந்த என் பையனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிடா நிற்க நிற்க எனக்கு வந்த சந்தோஷம் அந்த ஒரு பார்வையில் போய்விட்டது.

மாமியார் என்னைத் தேடிப் பிடித்தார். "நீ வந்து ஊத்தும்மா" என்றார்.

ஊரே வழிவிட்டது. அத்தனை பேர் நடுவில் நான் அதுவரை நடந்ததில்லை. பூசாரி சொம்பைக் கொடுத்தார். பழக்கத்தில் என் இடது கை தானாகப் போய்க் காதைப் பிடித்துக்கொண்டது. கிடா என் முழங்காலில் தலையைச் சாய்த்தது. சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். அது அசையாமல் நின்றது. என் கை காதில் இருக்கும்வரை அது அசையாது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, சொம்பு காலியாகிச் சொட்டுவதுகூட நின்றுவிட்டது.

மாமியார் கிட்டே வந்து என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கைய எடும்மா."

எடுத்தேன். கிடா தலையிலிருந்து வால்வரைக்கும் உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். நாத்தனார் இடுப்பிலிருந்த என் பையன் அந்த உதறலைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான்.

குழம்பு நான்தான் வைத்தேன். எங்கள் வீட்டில் விசேஷச் சமையல் என் பொறுப்பு. மிளகாய், மல்லி வறுத்து அரைத்து, தேங்காய் ஊற்றி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்க மட்டும் கை வரவில்லை. பந்தியில் வீட்டுக்காரரின் பெரியப்பா முதல் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னாம்மா மருமவளே, அளத்துல குந்திக்கினு உப்பு வாங்க எந்தூருக்குப் போவணும் நாம?" என்றார். பந்தியே சிரித்தது. மாமியார் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் போட்டுக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு நான் கொல்லையில் அண்டா விளக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து எதிரில் குந்தினார். என்னைப் போலவே அவரும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"காத வுட்டாதான் அது உதறும்னு எனக்கும் தெரியும்மா" என்றார். "தெனம் பாத்துக்கினுதான இருந்தேன். அதான் உன்னக் கூப்ட்டேன். புள்ளைக்கு வேண்டிக்கினது, நான் இன்னா பண்றது சொல்லு."

நான் அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். அவர் பானையில் மிச்சமிருந்த கூழைக் கரைத்து எனக்கு ஒரு சொம்பு கொடுத்து, தானும் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டார். பாதி குடித்திருப்போம். பையன் தூங்கி எழுந்து தட்டுத்தடுமாறி வந்தான். கிடாவைக் கட்டியிருந்த முளைக்குச்சியண்டை போய் நின்றான், சுற்றிப் பார்த்தான். பிறகு வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, குச்சியைக் காட்டினான்.

நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.