பூண்டை நம்பி நிறுத்திய மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 112. நான்கு பல் பச்சைப் பூண்டை மென்று விழுங்கினேன். 6.30 பஸ்ஸில் மனைவி செல்வியுடன் பூண்டியிலிருந்து கொடைக்கானலுக்கு, டாக்டரம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன்.

பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு. ஒவ்வொரு நாள் சர்க்கரையும் நோட்டில் இருக்கிறது. டாக்டரம்மா புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். எல்.டி.எல். (ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பு) 151.

"சுகர் நல்லாருக்குங்க. ஆனா இது போன தடவைக்கு ரெண்டு மடங்கு ஏறியிருக்கே. ஸ்டாட்டின் போடுறீங்கதானே?"

ஸ்டாட்டின் (கொழுப்பு உருவாவதைக் குறைக்கும் மாத்திரை) பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. குனிந்துகொண்டேன். செல்வி விடவில்லை.

"போன போகம் பூண்டு புடுங்குன வாரமே நிறுத்திட்டாங்க, டாக்டர். சுகர்தான் கொறைஞ்சிருச்சே, கொழுப்ப நம்ம பூண்டே கரைச்சிரும்னாங்க. பூண்டு விக்கிறப்ப யாவாரிகிட்ட அளக்குறத இவங்களே நம்பிட்டாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பூண்டு ரசத்துக்கு நல்லதுங்க. மாத்திரைக்குப் பதிலா ஆகாது. சுகர் கன்ட்ரோல்ல இருந்தாலும், இந்தக் கொழுப்பு ஏறினா ரத்தக்குழாய் அடைக்கும். வலியே தெரியாது."

அண்ணனுக்கும் நீரிழிவு இருந்தது. வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஐம்பத்தைந்தாம் வயதில், வயலிலேயே மாரடைப்பு. எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

அன்றே மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். நோட்டில் அதற்குத் தனிக் கட்டம் போட்டேன், மூன்று மாதத்துக்கு மட்டும். இரண்டாம் வாரம் தொடைச்சதை வலித்தது. இம்முறை நானாக நிறுத்தவில்லை, போன் செய்தேன். டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வலி போயிற்று.

ஜூன் 10, மறுபடி கொடைக்கானல். எல்.டி.எல். 66.

"இனி நிறுத்திரலாமாங்க?"

"மாத்திரை போடுறதாலதான் இந்த நம்பரே வந்திருக்கு. போடுங்க."

திரும்பும் பஸ்ஸில் செல்வி கேட்டாள்: "இனி யாவாரிகிட்ட என்ன சொல்லுவீங்களாம்?"

"ரசத்துக்கு நல்லதுன்னு."

வலியில்லாத நாளை நல்ல நாள் என்று எழுதிவந்தவன் நான். வலிக்காத இடங்களும் என் உடம்புதான் என்பது இப்போது நினைவில் இருக்கிறது. வரும் மாசியில் அண்ணனைவிட மூத்தவனாகிவிடுவேன்.

மறுநாள் காலை 5.40. சர்க்கரை பார்க்கும் முன்பே அடிக்கோலை எடுத்தேன். மாத்திரைக்கான கட்டத்தை மூன்று மாதத்தோடோ மாசியோடோ நிறுத்தாமல், நோட்டின் கடைசிப் பக்கம் வரை போட்டு முடித்தேன்.