வைரஸ் என்று சொல்லப்பட்ட தவளைகள்

1998 ஐப்பசி. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதியில் அத்தா, அதாவது என் அப்பா, மிளகு, காப்பித்தூள் கடை நடத்திக்கொண்டிருந்தார். நான் சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். கடைக்கு மேல் அறையில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். இந்த மலைத் தவளைகளின் குரலை ஆராய்ச்சி செய்பவர். மழை பெய்தால் சேர்வராயன் கோயில் பக்கத்துப் புல்வெளியிலோ கிளியூர் ஓடையோரத்திலோ குடையும் டேப் ரெக்கார்டருமாக உட்கார்ந்திருப்பார்.

பதிவு செய்ததைக் கணினியில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் அடுத்ததைப் பதிவு செய்வார். எங்கள் ஊர் ஈரத்தில் கேசட், ஃபிளாப்பி எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் கணினியைத்தான் நம்பினார். ஆக, மூன்று மழைக்காலத்துத் தவளைச் சத்தமும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

கணினி, ஒரு கல்லூரி கழித்துப் போட்ட பழைய 486. டிஸ்க் மட்டும் புதியது, பெரியது. அந்தக் கணினி பிறந்த காலத்தில் ஐநூறு மெகாபைட்டுக்கு மேல் டிஸ்க் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எவ்வளவு பெரியதை மாட்டினாலும், சுவிட்ச் போட்டதும் முதலில் ஓடும் அதன் சொந்த புரோகிராமுக்கு அவ்வளவுதான் கண்ணில் படும். டாஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் அப்படியல்ல. அது எழுந்துவிட்டால் டிஸ்க்கையே நேராகக் கேட்டு முழு இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். எழுவதற்குத் தேவையான ஃபைல்கள் மட்டும் டிஸ்க்கின் முன்பகுதியில், பழைய கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸை அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் நேர்முகத் தேர்வுக்காகச் சேலம் போய்விட்டு மதிய பஸ்ஸில் திரும்பினேன். முந்தைய நாள் இடியில் கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. காலையில் கணினி எழவில்லை என்று அக்கா கீழே வந்து என்னைக் கேட்டிருக்கிறார். நான் இல்லை. அத்தா உடனே சேலத்துக் கடை ஒன்றுக்கு போன் போட்டு சர்வீஸ்காரரை வரவழைத்துவிட்டார்.

நான் மாடி ஏறியபோது அந்த ஆள் நாற்காலியில். அத்தா பக்கத்தில். அக்கா சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு.

"நொம்பப் பழைய மிஷினுங்க பாய். நாலு ஜிபி டிஸ்க்குன்னு ஒட்டியிருக்கு, அரை ஜிபிதான் காட்டுது. டூப்ளிகேட்டா இருக்கும். அதுலயும் டாஸ் இல்லாத பார்ட்டிஷன்னு வருதுங்க. வைரஸுதான். அழிச்சிட்டுப் புதுசாப் போட்டர்றேன்."

"பண்ணுங்க தம்பி," என்றார் அத்தா.

திரையைப் பார்த்தேன். லினக்ஸும் தவளைச் சத்தங்களும் இருந்த அந்தப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியை, அழித்துவிடலாமா என்று கேட்டு நின்றுகொண்டிருந்தது. ஆம் என்பதற்கான எழுத்தை அடித்தாகிவிட்டது. என்டர் தட்டுவது மட்டும்தான் பாக்கி.

நேராகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

"ஏனுங்க பாய், பாப்பா இப்படிப் பண்ணுது? மிஷின் கெட்டுப்போயிருமுங்க."

"கொஞ்சம் எந்திரிங்க," என்றேன். என் குரல் உயரவில்லை.

அத்தா என் தோளைப் பிடித்தார். "அவங்க கடையே வெச்சிருக்காங்க கண்ணு. நீ படிச்சிருக்க, அவ்ளோதானே?"

அந்த ஆளிடம், "ஆரம்பத்துல ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுச்சு. நானா ஒரு அளவு குடுத்தேன். அப்புறம் எல், ஐ-னு ரெண்டு எழுத்து வந்து நின்னுபோச்சு. அதான் சொல்றேன், வைரஸு."

கோபத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் புரோகிராமின் பெயரே நான்கு எழுத்து; ஒவ்வொரு படி தாண்டும்போதும் அவை ஒவ்வொன்றாகத் திரையில் வரும். இரண்டோடு நின்றால், டிஸ்க்கின் அளவு தப்பாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போனதும் கணினி எல்லா அளவையும் மறந்துவிட்டது. இவர் குத்துமதிப்பாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நோய். அதற்கு இவர் பார்க்க இருந்த வைத்தியம், மூன்று மழைக்காலத்தை அழிப்பது.

அக்காவைப் பார்த்தேன். "நீங்க சொல்லலையா அக்கா?"

"ரெண்டு தடவை சொன்னேன் கண்ணு, நீ வரட்டும்னு. 'பயப்படாதீங்க மேடம், க்ளீன் பண்ணிக் குடுத்தர்றேன்'னாரு. உங்க அத்தாவும் உக்காருங்க உக்காருங்கன்னாரு."

அந்த அறையில் இருந்த டிஸ்க் அக்காவுடையது. அதில் இருந்த ஒவ்வொரு நிமிடமும் அவர் மழையில் நனைந்து பிடித்தது. அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

"அக்கா, நான் தொடட்டுமா?"

அவர் தலையாட்டினார். சுவிட்சைப் போட்டு, நான் முதலில் கொடுத்திருந்த அளவுகளை மறுபடி அடித்தேன். நான்கு எழுத்தும் வந்தன. அதன்பின் வரிவரியாக ஓடி, டிஸ்க்கின் முழு அளவையும் காட்டி லினக்ஸ் எழுந்தது. அக்கா குனிந்து ஒரு ஃபைலைத் திறந்தார். ஸ்பீக்கரில் மழை இரைந்தது. அதன் நடுவே, கூழாங்கற்களை உரசுவது போல ஒரு தவளை.

"இதுங்களா?" என்றார் சர்வீஸ்காரர். அவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அத்தா பக்கம் திரும்பினார். "பேட்டரி வீக்குங்க பாய். நான் வந்ததுமே நெனச்சேன்."

"அப்படியா தம்பி? வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்," என்றார் அத்தா.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். தப்பு என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவிடமும் இல்லை. அடுத்த வாரமே அத்தா கடைக்கு வருகிறவர்களிடம், "எம்புள்ள கம்ப்யூட்டர் டாக்டருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டும் என் கோபம் குறையவில்லை.

அக்கா ஆய்வேட்டை நாள் தவறாமல் ஒப்படைத்தார். எனக்கும் பிறகு சேலத்தில் கணினி பழுதுபார்க்கும் வேலையே கிடைத்தது. யார் வீட்டுக்குப் போனாலும் பணம் கொடுப்பவரிடமோ சத்தமாகப் பேசுபவரிடமோ நான் முதலில் பேசுவதில்லை. சுவரோரமாக நிற்பவரைத் தேடி, "இதுல உங்களுது என்னங்க இருக்கு?" என்று கேட்ட பிறகே சுவிட்சைத் தொடுவேன். அந்த மதியத்துக் கோபத்தை நான் இன்னும் விடவில்லை. விட்டுவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க நானும் மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.