டயருக்குள் போன குடிதண்ணீர்

துருவின் வாசனை மூக்குக்கு வருவதற்கு முன்பே நாக்கில் கரிக்கும். எண்ணூர்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பழைய டிராக்டரின் பின்சக்கரத்தை உளி வைத்துத் தட்டும்போதெல்லாம் துரு செதில் செதிலாக உதிர்ந்து, சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து விழும்.

கரைக்கு வரும் படகுகளை மணலில் மேலே இழுத்துவிடுவது அந்த டிராக்டரின் பிழைப்பு, அதுவே எங்கள் அப்பாவின் பிழைப்பும். மணலில் சக்கரம் வழுக்காமல் இருக்கக் கனம் வேண்டுமென்று பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொள்ளும் எங்கள் தெருவில் டயருக்கு நல்ல தண்ணீர் ஊற்ற யாருக்குப் பைத்தியம்? அப்பா முகத்துவாரத்து உப்புத் தண்ணீரை ஊற்றினார். அது காற்றடைக்கும் துளையருகே கசிந்து கசிந்து, டயரைத் தாங்கும் "ரிம்"மை உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது, இரைப்பு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வரும் நாட்களில் அவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். புழலில் மாமா வீட்டுப் பக்கம் குடிபோய்விடலாம், அங்கே காற்றும் தண்ணீரும் நல்லது என்பதே அம்மாவின் ஓயாத பேச்சு.

"புழல்ல இன்னா கீது? ஜெயிலு கீது," என்று அப்பா கிண்டலடிப்பார்.

"அதுக்குள்ள கீறவனுக்காச்சும் வெளிய வர்ற நாளு தெரியும்யா," என்பாள் அம்மா.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவர் டிராக்டரைக் கேட்டிருந்தார். ரிம் மாற்றிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விற்றுவிட்டுக் கிளம்புவதென்று முடிவானது. ஆனால் துருவேறிய போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. கட்டையில் ஏற்றி நிறுத்திய டிராக்டர் நாள்கணக்கில் வாசலிலேயே கிடக்க, நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டித்தான் வெளியே போய்வந்தோம். தம்பிக்கு இழுப்பு வந்த ஒரு மத்தியானம், அவனை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா டிராக்டருக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்துதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஒருவழியாகப் புது ரிம்கள் ஏறின. "இந்தத் தபா நல்ல தண்ணி ஊத்துங்க அக்கா, சூளைக்காரு கண்ண மூடிக்கினு எட்த்துனு பூடுவாரு," என்றார் மெக்கானிக் அந்தோணி. அம்மா வீட்டிலிருந்த குடிதண்ணீர் அத்தனையையும் குடம் குடமாகத் தூக்கிவந்து கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

சோதித்துப் பார்க்க அப்பா வண்டியைக் கரைக்கு ஓட்டிப்போனார். பெரிய படகு ஒன்றை ஒரே இழுப்பில் மேலேற்றிவிட்டுத் திரும்பியவர் முகமெல்லாம் பிரகாசம். "இன்னா இழுப்பு தெரியுமா! இனிமே இதுக்கு சாவே கெடயாது. இத்தப் போயி விப்பாங்களா?"

அம்மா சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ, குடிக்க வீட்டில் ஒரு சொட்டு இல்லாததால், காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு லாரி வரிசைக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

இன்று அந்த மணல் இல்லை. கடல் அரித்த இடமெங்கும் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். டிராக்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். வீடு மட்டும் அப்படியே இருக்கிறது. தம்பி அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களைச் செப்பனிடும் ஒப்பந்த வேலைக்குப் போகிறான்; அவன் கிளம்பும்போது, இரைப்புக்கு உறிஞ்சும் மருந்தைச் சட்டைப் பையில் வைத்தானா என்று அம்மா தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறாள்.