டி டிரைவுக்கும் ஈ டிரைவுக்கும் நடுவில்

யாராவது கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டால், நம்மவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் கேட்க வேண்டும். மாடிப்படியில் ஏறுகிறவர்கள் காதிலும் விழுந்தால் நஷ்டமில்லை. "அணைச்சுப் போட்டியா? போடல இல்ல? போட்டுட்டுக் கூப்பிடு." பத்து நிமிடத்தில் மறுபடி மணி அடிக்கும். "சரியாயிடுச்சு மாமா!" அதற்கு "ம்" என்று மட்டும் சொல்வார், அறுவை சிகிச்சை முடித்துக் கையுறையைக் கழற்றுகிற தோரணையில்.

தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாக அதே கம்பெனி, அதே எண்ணெய் வாசனை. சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. விருந்துக்குப் போகிற வீட்டு லிஃப்டில் ஏறினால் கதவோரம் காதை வைத்துக் கேட்டு, "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். கம்ப்யூட்டர் அவர் படித்ததில்லை. பிழைக்க வந்த ஊரில், சொந்தக்காரர்களிலேயே முதலில் அதை வாங்கியவர் அவர். அந்த ஒரே தகுதியில் 'கம்ப்யூட்டர் மாமா' ஆகி, பத்து வருடம் அந்தப் பட்டத்தைக் கவலையில்லாமல் ஆண்டார்.

பொறாமைக்காரர் என்று அவரைச் சொன்னால் அவரே சிரிப்பார். கோடீஸ்வரன் கப்பல் வாங்கினால் மனதார வாழ்த்துகிற ஆள். ஆனால் எதிர்வீட்டுக்காரர் புதுக் கால்மிதி வாங்கிப் போட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள்மேல் மட்டும்தான் அவருக்குப் பொறாமை வரும். அந்தத் தூரத்துக்குள் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவர், மனைவியின் தங்கை கணவர்.

சகலை என்றால் சொல்லவா வேண்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரையும் ஊர் ஒரே தராசில்தான் நிறுத்தும். இளைய சகலைக்கு ஒரு லேப்பில் பொய்ப்பல் செய்கிற வேலை. 'பல்லுக்காரர்' என்று குடும்பத்தில் செல்லப் பேர். "பல்லு டாக்டரா?" என்று யாராவது கேட்டால் நம்மவர் முந்திக்கொள்வார்: "டாக்டருக்குப் பல்லு செஞ்சு குடுக்கிற ஆளு." அந்தப் பல்லுக்காரர் போன வருடம் யாருடைய செத்துப்போன டிஸ்கிலிருந்தோ கல்யாண வீடியோவை மீட்டுக் கொடுத்துவிட்டார். செய்தி பரவியது. ஸ்பீக்கர் போன் வாரத்துக்கு ஐந்து முறை ஒலித்தது போய், மாதத்துக்கு ஒரு முறை ஆனது. அதுவும் "மாமா, பல்லுக்கார மாமா போன எடுக்கல, அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்று ஆரம்பிக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே டிஸ்க். அதை வாங்கின அன்றே மூன்றாகப் பிரித்தவர் அவர்தான். சி, சிஸ்டத்துக்கு. டி, அவருக்கு. ஈ, மனைவிக்கு. மனைவி ஒரு தையல் பட்டறைக்குச் சீருடைகளின் வெட்டுப் பேட்டர்ன்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறவள். பதினோரு வருடத்துப் பேட்டர்ன் அத்தனையும் ஈ-யில்தான். பிரிக்கிற அன்று ஏதோ நல்ல மனநிலையில் ஈ-க்கு டி-யைப்போல இரண்டு மடங்கு கொடுத்துவிட்டார். அதைப் பிறகு ஒவ்வொரு நாளும் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய நீலப் பட்டை முக்கால்வாசி நிரம்பி மூச்சுத் திணற, பக்கத்தில் அவளுடையது கால் நீட்டிப் படுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, ஈ திறக்க மாட்டேங்குது. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. நான் வேணாம்னு அமுக்கிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போய் உன் வேலையைப் பாரு."

"என் வேலை அதுக்குள்ளதானே இருக்கு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் குடுத்தாகணும். குடுக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். மூணு வருஷமா அலைஞ்சு வாங்கின ஆர்டருங்க."

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் அணைத்துப் போட்டார். ஈ அசையவில்லை. பிறகு டிஸ்கின் பாகங்களைக் காட்டுகிற திரையைத் திறந்தார். ஈ-யை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கினால் உள்ளே இருப்பது தானாக வந்துவிடும் என்று எங்கேயோ படித்ததாக ஞாபகம். அழித்தார். ஈ இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது, சொந்தக்காரன் இல்லாத புறம்போக்கு மாதிரி.

அதைப் பார்த்ததும் மனிதருக்குச் சபலம் வந்துவிட்டது. எப்படியும் புதிதாகத்தானே போடப்போகிறோம், நம் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன? டி-யின் எல்லைக்கோட்டை நூறு ஜிபி ஈ-யின் இடத்துக்குள் நகர்த்தினார். மிச்சத்தில் புது ஈ-யை உண்டாக்கி ஃபார்மட்டும் செய்தார். வேலை செய்கிறதா என்று பார்க்க லிஃப்ட் கையேடுகள் இருந்த தன் ஃபோல்டரை அதற்குள் காப்பி செய்தார். கையேடுகள் உள்ளே போயின. பேட்டர்ன் ஒன்றுகூட வரவில்லை. புது ஈ-யையும் அழித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்ன ஆச்சு?"

"டிஸ்க்கே வீக்கு. ஈ காணாமப் போயிடுச்சு."

மனைவி தங்கைக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கர் போடாமல்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல்லுக்காரர் வந்தார். வந்ததும் குளியலறைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கை கழுவிட்டு வந்து உக்கார்றாரு பாருங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

"கீபோர்டுல என்ன, சீழா வடியுது?"

பல்லுக்காரர் எதையும் தொடவில்லை. சின்ன நோட்டு ஒன்றில் திரையிலிருந்த எண்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தார். நம்மவருக்கு அந்தப் பென்சிலைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அதன் முனைகூட அவ்வளவு சீராகச் சீவியிருந்தது.

"அண்ணே, யாராச்சும் இதுல கை வச்சீங்களா?"

"யாரு வைப்பா? நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

"டி எப்பவுமே இந்த அளவுதானா?"

மனைவி காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். "எப்பவும் இதேதான்" என்றார் அவர். "நான் பிரிச்சது எனக்குத் தெரியாதா தம்பி?"

"சரிண்ணே. கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுன்னுதான்." நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தன் பையிலிருந்து வேறொரு டிஸ்கை எடுத்து மாட்டி, முழுவதையும் அப்படியே நகல் எடுக்க ஆரம்பித்தார். நகல் கையில் வராமல் மூலத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டாராம். ஆறு மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரமும் அக்காவும் தங்கை கணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பல்லின் நிறத்தில் பதினாறு வகை உண்டு என்று அவர் சொல்ல, வெள்ளைத் துணியிலும் அப்படித்தான் என்று அவள் சொல்ல, நாள் முழுக்க அழுத மாதிரி இருந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நீ எங்கிட்ட வெள்ளைத் துணியைப் பத்திப் பேசினதே இல்லையே" என்று கேட்க நம்மவருக்கு வாய் வரை வந்தது. லிஃப்ட் கயிற்றில் எத்தனை வகை உண்டு என்று தானும் சொல்லிப் பார்த்தார். "ஓ" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

மூன்று மணிக்கு நகல் முடிந்தது. நகலில் தேடுகிற வேலை தொடங்கியது. பல்லுக்காரர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். திரையில், அழிந்துபோன ஒரு ஈ-யின் தடம். அதற்குள் ஒரே ஒரு ஃபோல்டர். பெயர், லிஃப்ட். தேதி, நேற்று, மணி, மாலை ஆறு பத்து.

நம்மவரும் பார்த்தார். 

பல்லுக்காரர் திரையில் அந்த விண்டோவை அவசரமில்லாமல் மூடினார். மனைவியின் பக்கம் திரும்பி, "சில சமயம் சிஸ்டமே தப்புத்தப்பாப் பிரிச்சுடும் அண்ணி. யாரு மேலயும் தப்பில்ல" என்றார். "இன்னொரு பழைய ஈ-யோட தடமும் இருக்கு. ஆனா அது டி-க்குள்ள புகுந்து நிக்குது. டி எப்பவும் இதே அளவுன்னா அது வெறும் குப்பை. அதனால ஒவ்வொரு ஃபைலாத்தான் பொறுக்கணும். பேரு வராது, நம்பர்தான் வரும். திங்கக்கிழமை மத்தியானம் ஆயிடும்."

"எட்டு மணிக்குக் குடுக்கணுமே தம்பி."

"என்ன பண்றது அண்ணி."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பட்டறைக்காரர் எண்ணைப் போனில் தேட ஆரம்பித்தாள்.

நம்மவர் ஜன்னலருகே நின்றார். தன் வேலையில் நின்றுபோன லிஃப்டைவிட அவர் பயப்படுவது, "நான் தொடவே இல்ல சார்" என்கிற வாட்ச்மேனுக்குத்தான். அப்படிச் சொன்ன ஒருவனைக் காலரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்: "என் கை உள்ள இருக்குடா! உண்மையைச் சொல்லு!" அதெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சகலையின் முதுகை. தெரிந்துவிட்டது இவனுக்கு. தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. இனி ஆயுசுக்கும் காட்டிக்கொடுக்க மாட்டான். ஒவ்வொரு விசேஷத்திலும் எதிரே உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே காட்டிக்கொடுக்காமல் இருப்பான். வேலையில் தோற்றது சரி, வயது அப்படி. பெரிய மனுஷத்தனத்திலுமா இந்தப் பொடியனிடம் தோற்பது?

"சிஸ்டம் ஒண்ணும் பண்ணல" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "நான்தான் பண்ணேன்."

"அண்ணே, விடுங்க..."

"என்ன விடுங்க? நீ என்ன எனக்கு வக்கீலா? எழுதிக்கோ. ஈ-யை அழிச்சது நான். டி-யை நூறு ஜிபி இந்தப் பக்கம் தள்ளினது நான். அந்தப் பழைய ஈ குப்பை இல்ல, அதான் நிஜம். புதுசுல ஆறு ஜிபி கையேடு காப்பி பண்ணேன். எழுதிட்டியா?"

பென்சில் ஓடியது. மனைவி போனைக் கீழே வைத்தாள்.

"என் பக்கத்துலேர்ந்து நூறு ஜிபியா எடுத்தீங்க?"

"சும்மாதானே கிடந்துச்சு."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

பல்லுக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. தலையைக் குனிந்துகொண்டார். "எங்க வீட்டுல இன்னொருத்தி இருக்கா அண்ணி, இவரு தேவலாம். எங்கிட்ட கேக்காம என் டிஸ்கையே பொட்டியில போட்டு ஊருக்கு அனுப்பிட்டா."

"என் தங்கச்சியை இதுல இழுக்காதீங்க தம்பி" என்றாள் அவள். ஆனால் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அரை மணியில் பழைய ஈ-யின் தடம் திறந்தது. வெறும் எண்களாக இல்லை, பெயர்களோடு. பள்ளிக்கூட அரைக்கை. சமையல்காரர் மேலங்கி. ஆஸ்பத்திரி, சிறியது, நடுத்தரம், பெரியது. அவள் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். லிஃப்ட் கையேடுகள் மேலே ஏறிப் படுத்த இடத்திலிருந்த நாற்பது பழைய பேட்டர்ன்கள் மட்டும் இனி வராது. அதைப் பல்லுக்காரர் சொன்னபோது அவள் கணவரைப் பார்க்கவில்லை. அது அவருக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"அண்ணே" என்றார் பல்லுக்காரர், நாற்காலியை விட்டு எழுந்துகொண்டு. "நகல் பத்திரமா இருக்கு. இனி மூலத்துல எழுத வேண்டியதுதான். எழுதினா ஈ பழையபடி ஆயிடும். டி-யும் பழைய அளவுக்கே போயிடும். இது நீங்க பிரிச்ச டிஸ்க்கு. நீங்களே வந்து அமுக்குங்க."

மரியாதைக்குச் சொன்னதுதான். அதிலும் ஒரு முள் இருப்பதாகப் பட்டது நம்மவருக்கு. நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில், எழுதட்டுமா என்று ஒரு வரி கேட்டுக்கொண்டு நின்றது. அவருடைய வலது கை பழக்கத்தில் தானாக மவுஸ்வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அதை இழுத்து, இடது கையையும் சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். மோவாயை மட்டும் தூக்கி, பின்னால் நின்ற மனைவிக்குத் திரையிலிருந்த 'சரி' பொத்தானைக் காட்டினார்.