கிணற்றுத் தண்ணீருக்கு நான் எழுதிய வசனம்

ஒருவன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பெரிது. நான் மூன்றைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தவன். ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்ந்த நேரத்தில் நாடகம் எழுதுகிறவன். இது இரண்டும் போதாதென்று, சென்னையில் ஒரு கல்லூரி ஆசிரியர் தோல் தொழிலாளர் வாழ்க்கை பற்றி நடத்திய விசாரணைக்குத் தகவல் சேர்த்துக் கொடுக்கிறவன். மூன்றும் ஒன்றுக்கொன்று உதவும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் பெருமை பேசினேன். அப்போதே யாராவது என் வாயை அடைத்திருக்கலாம்.

நான் விசாரித்த தெரு தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்தது. தோல் பதனிடும் கொட்டகைகளை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைச் சாறும் கலந்த கழிவு மண்ணில் இறங்கி, தெருவின் ஒரே கிணற்றைக் கெடுத்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் ரயில் பாதையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குப் போனார்கள். தோப்புக்காரர் விடியற்காலையில் மட்டும் விடுவார், அதுவும் வீட்டுக்கு ஒரு குடம். இந்தத் தண்ணீர்க் கஷ்டம் அறிக்கையில் ஏறினால் தெருவுக்கு ஒரு குழாய் கேட்கலாம் என்று கல்லூரி ஆசிரியர் எனக்கு எழுதியிருந்தார். ஏறாவிட்டால் கேட்பதற்கு முகாந்திரமே இல்லை.

நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாகப் போனேன். தண்ணீர் எப்படி என்று கேட்டால் “ஏதோ இருக்குது சாமி” என்பார்கள். கூலி எப்படி? ஏதோ இருக்குது. உடம்பு எப்படி? சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கி விரலிடுக்கெல்லாம் புண். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஏதோ இருக்குது. தங்களுக்குள் பேசும்போது அந்தக் கிணற்றைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் கிடையாது. நான் நோட்டைத் திறந்தால் போதும், அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, பேசக் கற்றுக்கொடுப்போம் என்று இறங்கினேன். ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கோ அன்று வேலை நாள். தலைமையாசிரியரிடம் கெஞ்சி, வெள்ளி பிற்பகல் மட்டும் விடுப்பு வாங்கிக்கொண்டு, தெருவில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினேன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், முணுமுணுக்கக் கூடாது, முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பயிற்சியாக ஒரு நாடகமும் எழுதினேன். கெட்டுப்போன கிணறு, அதனால் வரும் துன்பம், கடைசியில் புதுக் கிணறு. மூன்று மாதம் ஒத்திகை நடந்தது.

இங்கேதான் என் புத்தி கெட்டது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த ஒருவனுக்குக் கணீரென்ற குரல். அந்தக் குரல்மேல் எனக்கு மோகம் வந்துவிட்டது. குறை சொல்லும் வசனங்கள் அத்தனையையும் அவனுக்கே கொடுத்தேன். “இது தண்ணீர்க் கிணறல்ல, கண்ணீர்க் கிணறு” என்று அவன் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். மற்றவர்களுக்குக் கடைசிக் காட்சியில் ஒரே ஒரு வரி. புதுக் கிணற்றைச் சுற்றி நின்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும்: “இக்கிணற்று நீர் தேனினும் இனியது.”

கல்லூரி ஆசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்தார். அன்று பார்த்து என் கதாநாயகன் தங்கை கல்யாணத்துக்குப் பேரணாம்பட்டு போய்விட்டான். மற்றவர்கள் குளித்து, சட்டை மாட்டி, வாசலில் காத்திருந்தார்கள்.

முதல் வீட்டுக்காரரிடம் குடிநீர் எப்படி என்று கேட்டார். அவர் எழுந்து நின்றார், கைகட்டினார். “இக்கிணற்று நீர் தேனினும் இனியது” என்றார், கொஞ்சமும் முணுமுணுக்காமல். கல்லூரி ஆசிரியர் எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டிலும் அதே. அவர் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை மேலும் கீழும் ஆட்டினேன். ஒத்திகையில் அதற்கு இன்னும் உரக்கப் பேசு என்று அர்த்தம். மூன்றாம் வீட்டுக்காரர் தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார். இவ்வளவு நல்ல தமிழ் பேசும் தொழிலாளர்களைத் தாம் எங்கேயும் பார்த்ததில்லை என்று கல்லூரி ஆசிரியர் என்னைப் பாராட்டினார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கடைசி வீடு கதாநாயகனுடையது. மகளுக்கு ஜுரம் என்று அவன் மனைவி மட்டும் கல்யாணத்துக்குப் போகாமல் தங்கியிருந்தாள். அவளுக்கு என் நாடகத்தில் ஒரு வரிகூடத் தெரியாது. இவளாவது உள்ளதைச் சொல்வாள் என்று எனக்கு உயிர் வந்தது. அவளோ கேள்விக்கு முன்பே ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். அந்தத் தெருவில் கை நனைக்காத பெரிய மனிதர்கள் நிறைய உண்டு. தாம் அப்படியில்லை என்று காட்டிக்கொள்ள அவர் மூன்று தம்ளர் வாங்கிக் குடித்தார். நல்ல தண்ணீர்தான் என்று, அவளிடம் எதுவும் கேட்காமலே எழுதிக்கொண்டார்.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அது தோப்புத் தண்ணீர், மற்றவர்கள் சொன்னது என் நாடக வசனம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலடியில் கிணறு இருக்கிறது, வந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றேன். தாம் தண்ணீரைச் சோதிக்க வரவில்லையென்றும், மக்களை விசாரிக்க வந்திருப்பதாகவும் அவர் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

“அப்போ இவங்களுக்கு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தத் தெருவின் தாள்கள் முழுவதிலும் குறுக்கே கோடு போட்டார். சொல்லிக்கொடுத்த பதில்களைச் சேர்த்தால் மற்ற ஊர்த் தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். அதில் தப்பு சொல்லவும் எனக்கு இடமில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. ரயிலுக்கு நேரமாயிற்றென்று அவர் கிளம்பிவிட்டார்.

நான் மறுபடி கடைசி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். குழாய் வருமா என்று அவள் கேட்டாள். வராது என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அந்த மனுஷனுக்கு எதற்கு நல்ல தண்ணீரைக் கொடுத்தாய் என்று வெட்கமில்லாமல் அவள் மேலேயே பாய்ந்தேன்.

“இன்னா வாத்தியாரே, வூட்டுக்கு வந்தவங்களுக்கு யாரனா உப்புத் தண்ணி குடுப்பாங்களா?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

கத்தியதில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவள் தயங்கினாள். சொம்பு காலி, ஜுரத்தில் கிடக்கிற பெண்ணுக்கென்று வைத்திருந்ததையும் அவர் குடித்துவிட்டார், இருக்கிறது கிணற்றுத் தண்ணீர்தான் என்றாள். பரவாயில்லை கொடு என்று வாங்கினேன்.

ஒரு வாய்க்குமேல் உள்ளே இறங்கவில்லை. உப்பு மட்டுமில்லை, பட்டைக் கசப்பும் ஊறிய தோலின் வாடையும் சேர்ந்து குமட்டியது. மூன்று மாதமாக அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதியவன், பேசியவன், ஒத்திகையில் அதற்காக ஆட்களை அழவைத்தவன் நான். அதை அன்றுதான் முதன்முதலாக வாயில் வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் எந்த வீட்டில் கேட்டாலும் எனக்குக் கொடுத்ததெல்லாம் தோப்புத் தண்ணீர்.

தம்ளரைக் கீழே வைத்தேன். பாயில் கிடந்த பெண் தாகம் என்று கையை நீட்டியது. தாய் அந்தத் தம்ளரையே எடுத்துக் கொடுத்தாள். குழந்தை முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தது.