மச்சு அறையில் தோட்டா நிரப்பிய மதியங்கள்

தோட்டா நிரப்புவது வேலையா, பொழுதுபோக்கா, விளையாட்டா என்று எங்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு முழுக்க வாக்குவாதம் நடந்தது. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எல்லார் முன்னாலும் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போய்த் தராசு பிடிப்பேன். ஏலக்காய், குங்குமப்பூ போன்ற விலை கூடின சரக்கை அப்பா என்னிடம்தான் நிறுக்கக் கொடுப்பார். புகுந்த வீட்டில் வாழையும் நெல்லும். ஆற்றுப் படுகையை ஒட்டி எங்கள் வாழைத் தோட்டம். படுகைப் புதரிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கைத் தோண்டித் தின்னும். குலை முற்றும் காலத்தில் பழந்தின்னி வௌவால்கள் வரும். அதற்காக என் கணவர் லைசென்ஸ் எடுத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அநேக நாட்கள் இரவுக் காவலுக்குத் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்.

பகலில் வீட்டில் மாமனார், மாமியார், கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள். கணவனும் மனைவியும் பகலில் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுவது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான். கல்யாணமான முதல் சில மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "தண்ணி வேணுமா", "துண்டு எங்க" என்பது போன்றவை. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்பதெல்லாம் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரிடமிருந்து தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி தோட்டா மூலமாக வந்தது. கடைத் தோட்டா விலை அதிகம், கிடைப்பதும் அரிதாகிக்கொண்டிருந்தது. சுட்டபின் மிஞ்சும் காலிக் கூடுகளைப் பத்திரப்படுத்தி மறுபடி நிரப்பித்தான் எல்லாரும் காலம் தள்ளினார்கள். என் கணவர் அதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். ஒருமுறை வெடிமருந்து குறைந்துபோய், தோட்டா புஸ்ஸென்று புகை மட்டும் விட்டது. பன்றி நின்று பார்த்துவிட்டுப் போனதாம். அந்தக் கதையைக் கேட்ட மாமனார் சொன்னார்:

"மருமக கடைக்கார வீட்டுப் பொண்ணுதானே, தராசு பிடிச்ச கை. இனிமே அது நிறுத்துக் கொடுக்கட்டும்."

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எனக்குக் கிடைத்தன.

மருந்து இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால் அடுப்படிக்கு வெகு தள்ளி மச்சு அறையில்தான் நிரப்புவோம். பகல் வெளிச்சத்தில்தான். விளக்கு கூடாது. பீடி குடிக்கும் மாமனார் மாடிப்படி பக்கமே வரமாட்டார். நாத்தனார்களுக்கு வெடித்துவிடும் என்று பயம். காற்றில் மருந்து பறக்காமலிருக்கக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே வேர்த்துக் கொட்டும். எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அவர் காலிக் கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பழைய 'கேப்' மூடியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பிறகு நான் மருந்து நிறுத்துப் போடுவேன். போடாத கூடு பலகைக் குழிகளில் கவிழ்ந்து நிற்கும். போட்டது நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் பேசக் கூடாது. பேச்சில் ஒரே கூட்டுக்கு இரண்டு தரம் போட்டுவிட்டால் துப்பாக்கிக் குழலே பிளந்துவிடும். அதனால் மருந்து போட்டு முடிகிறவரை மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அட்டை. மருந்துக்கு மேல் வட்ட அட்டை, பழைய கம்பளியில் வெட்டிய வில்லை, ஈய ரவை, மறுபடி மெல்லிய அட்டை. அட்டைக்கு நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினோம். மஞ்சள் தடவிய மூலை சில அட்டைகளில் வந்துவிடும். அவர் சொல்வார்:

"யார் வீட்டுக் கல்யாணமோ, பன்னிக்குப் பத்திரிகை வைக்கிறோம்."

நான் முதன்முதலில் அவர் எதிரில் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

அட்டை போடும்போது பேசலாம். அவர் கேள்விகள் கேட்பார். ஸ்ரீரங்கத்தில் காவிரி வெள்ளம் வந்தால் கடைக்குள் தண்ணீர் வருமா, அப்பா அடிப்பாரா, கணக்கு வராத பிள்ளையா நீ என்றெல்லாம். கடைசியில், கூட்டின் வாயை மடிக்கும் சின்ன இயந்திரத்தை மேசை விளிம்பில் முடுக்கிவிட்டு, குனிந்து பிடி சுற்றுவார். இரண்டு கையும் வேண்டும். நிமிர்ந்து பார்க்க முடியாது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்ட விஷயங்களை நான் அப்போதுதான் சொல்வேன். முதல் பிள்ளை தங்காமல் போன பிறகு எனக்குள் இருந்ததை அவரிடம் சொன்னதும் அந்த இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான். அவர் நிமிரவில்லை. சுற்றுவதை மட்டும் நிறுத்தினார். அந்தத் தோட்டா வாய் கோணலாக மடிந்துபோயிற்று. அதை அவர் கடைசிவரை சுடவில்லை. தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

இதற்கிடையில் ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. துப்பாக்கிச் சத்தம் நிறையக் கேட்கும், பன்றி விழுவது அபூர்வம். பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வாசல் வழியே போகும்போதெல்லாம் நிறுத்திக் கேட்பார்.

"என்ன தம்பி, நேத்துச் சாயங்காலம் பன்னிக்கு வாணவேடிக்கை காட்டினீங்களா? திருவிழா மாதிரியில்ல இருந்துச்சு?"

"காத்து, அண்ணே. குறி விலகிப் போச்சு."

"பன்னி உங்களைப் பாத்து ஓடறதில்ல தம்பி. வழி விட்டு ஒதுங்கி நிக்குது."

என் கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். எனக்குத்தான் எரியும்.

கணவருக்கு ஓர் அண்ணன் உண்டு. அவரை மூத்தார் என்றுதான் நான் குறிப்பிடுவேன். திருச்சி டவுனில் சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். அங்கே ரைபிள் கிளப்பில் உறுப்பினர். வெள்ளைச் சட்டையோடு போய் அட்டைக் குறியைச் சுட்டுவிட்டு, அழுக்குப்படாத சட்டையோடு திரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கியவர், சாப்பாட்டுக்கு உட்காரும்போது பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். கம்பெனித் தோட்டா. பித்தளை அடிப்பாகம் பளபளவென்று இருந்தது.

"தெரிஞ்சவர் மூலமா கிடைச்சுது. இன்னும் வேணும்னாலும் வாங்கித் தரேன். இனிமே மச்சுல உக்காந்து கஷ்டப்பட வேணாம்."

மாமியாருக்கு மகிழ்ச்சி. "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா இவ கையெல்லாம் கரியாப் போகுது. ஒரு நாள் கிழமைக்குக் கை நல்லா இருக்க வேணாமா? அது என்ன வேலை, பொம்பள செய்யிற வேலையா?"

"அது வேலை இல்லடி," என்றார் மாமனார். "வேலைன்னா எப்படா முடியும்னு இருக்கும். இவன் மத்தியானம் மேல ஏறினா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எறங்கறான். இதுக்குப் பேரு பொழுதுபோக்கு. பணக்காரன் சீட்டாடறான், இவன் தோட்டா நிரப்பறான்."

மூத்தார் சோற்றில் ரசம் விட்டுக்கொண்டே தலையாட்டினார். "ரெண்டும் இல்லப்பா. துப்பாக்கின்னா விளையாட்டு. குறி பாக்கறது, மூச்சைப் பிடிக்கறது, அதெல்லாம் விளையாட்டு. நிரப்பறது சும்மா பாத்திரம் தேய்க்கிற மாதிரி. எங்க கிளப்புல சில பேரு அதையும் விளையாட்டும்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்."

"பாத்திரம் தேய்ச்சாத்தான் சோறு," என்றார் மாமியார்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். தேய்ச்ச பாத்திரமே கடையில கிடைக்குதுல்ல?"

மாமனார் என் கணவரைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற? நிரப்பறவன் நீதானே?"

அவர் இலையைப் பார்த்தபடி இருந்தார். "ஒண்ணும் இல்லப்பா. அண்ணன் சொல்றபடியே இருக்கட்டும்."

நான் ஊற்றிய மோர் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்திவிட்டது. அன்றைய நாட்குறிப்பில், 'மூத்தார் வந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. தோட்டா பற்றிப் பேச்சு' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. மருந்து டின்னையும் தராசையும் அன்று சாயங்காலமே துடைத்துப் பரணில் ஏற்றினேன்.

அந்த வாரமே இரண்டு பன்றிகள் விழுந்தன. அடுத்த வாரம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே தோட்டா. பக்கத்துத் தோட்டக்காரர் வாசலில் நின்று உரக்கவே சொன்னார்:

"கம்பெனிச் சரக்குன்னா கம்பெனிச் சரக்குதான் தம்பி! வீட்டுல கிண்டின மருந்துல என்ன விழும்?"

நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா கடையில் என் நிறுவையை ஒருவரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இத்தனை நாள் ஊர் என் கணவரைப் பார்த்துச் சிரித்ததற்கு நான்தான் காரணமா? அவரைக் கேட்க வேண்டும். ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் நாத்தனார்களோடு உட்கார்ந்து உளுந்து பொறுக்கினேன்.

மறுநாள் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டிய வேலையாளை நிறுத்திவிட்டு நானே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்தில் என் கணவர் குலை சாய்ந்த வாழைக்குக் கழி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தூக்கைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

"என்னங்க, என் அளவு தப்பா இருந்துச்சா?"

"எந்த அளவு?"

"மருந்துதான். கம்பெனித் தோட்டான்னா விழுது, என் தோட்டான்னா விழலையாம். ஊரே சொல்லுது. குறைச்சலா நிறுத்திட்டேனா?"

அவர் கழியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"உன் தோட்டால ஒண்ணும் தப்பில்ல. நான்தான் வானத்தைப் பாத்துச் சுட்டேன்."

"வானத்தையா? எதுக்கு?"

"காலிக் கூடு வேணாமா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கழியை மண்ணில் ஊன்றிவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு பன்னிக்கு ஒரு தோட்டான்னு சுட்டா ஒரு வாரத்துல என்ன மிஞ்சும்? ஒண்ணோ ரெண்டோ. அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நீயே சொல்லு. அட்டை வெட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுரும். அதான், வௌவால் வந்தா அதுக்கு மேல ரெண்டு, பன்னி வந்தா பக்கத்துல ரெண்டு. சத்தத்துக்கே அதுங்க ஓடிப்போயிரும். தோட்டத்துக்கும் நஷ்டம் இல்ல."

"ஊரே சிரிச்சுதே உங்களை."

"சிரிச்சா சிரிக்கட்டும்," என்று என் பக்கம் திரும்பினார்.

கல்யாணமாகி எத்தனையோ நாள் ஆகியிருந்தும் நான் அவரை நேருக்கு நேர், அவர் வேறு எதிலும் கண் வைக்காமலிருக்கும்போது பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். காது மடல் சிவந்திருந்தது. நான் தூக்கைத் திறந்து சோறு போட்டேன். அவர் பாதி சாப்பிட்டபின் மெதுவாகக் கேட்டேன்.

"இனிமே என்ன பண்றது?"

"அதான் எனக்கும் தெரியல," என்றார்.

வேலையாட்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து மாமனார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமியாரும் நானும் அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். நாத்தனார்கள் பக்கத்தில் இருந்தார்கள். என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஆண்கள் வந்து நிற்கும் இடம் இல்லை அது. எல்லோரும் நிமிர்ந்தோம்.

"கொஞ்சம் மேல வரியா?" என்றார் என்னைப் பார்த்து.

மாமியார் கரண்டியோடு திரும்பினார். "மேல என்னடா வேலை? அதான் கம்பெனித் தோட்டா இருக்குதே?"

"தோட்டா வேலை இல்லம்மா."

"பின்ன?"

ஏதாவது காரணம் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். பரணில் ஏதோ தேடணும் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"சும்மாதான். இவகிட்டப் பேசணும்."

சின்ன நாத்தனார் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் மாமனாரின் வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது. மாமியார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக்கொண்டார்.

"மிச்சத்தை நான் பாத்துக்கறேன். போ."

மச்சு அறையில் எங்களுக்கு முதலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு சாமானும் இல்லை.

"நீ சொல்லு," என்றார்.

"கூப்பிட்டது நீங்க. நீங்க சொல்லுங்க."

"நான் நல்லாச் சுடுவேன், தெரியுமா?"

"ஊரே சொல்லுது," என்றேன், "கம்பெனித் தோட்டான்னு."

நாங்கள் சிரித்தது கீழே கேட்டிருக்கும். யாரும் மேலே வரவில்லை.