டவர் அடியில் கிடந்த செருப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். கான்ட்ராக்டரிடம் கூலிக்கு இருபது வருடம் மின்சார டவர் ஏறியிருக்கிறேன், சுடுகாட்டு ஓரம் தனியாக நின்று கம்பி இழுத்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கும்பாபிஷேகத்துக்குப் பூத் தூவ வந்த சின்ன விமானம் தப்பியதற்கு ஊரார் சொல்லும் காரணத்தைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டவர் ஏறுகிறவன் செருப்பை அடியில் விட்டுவிட்டுத்தான் ஏறுவான். அடியில் செருப்பு கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சூப்பர்வைசர் வந்து, செருப்பு ஏதும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சப்-ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக் கரண்ட் விடச் சொல்வார்.

குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த புன்செய்க் காட்டில் பெரிய லைன் ஒன்று போகிறது. அதில் ஒரு டவரில்தான் என்னோடு வேலை பார்த்த அந்தோணி செத்தான். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் வெயிலுக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்காமலே போய்க் கையெழுத்துப் போட்டுக் கரண்ட் விடச் சொல்லிவிட்டார்; பின்னால் ஜீப் டிரைவரே என்னிடம் சொன்னான். திரும்பி வந்தபோது அந்தோணி கீழே கிடந்தான். செருப்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. இடது வார் அறுந்து அலுமினியக் கம்பியால் முறுக்கிக் கட்டிய செருப்பு. அதை நான்தான் அவன் சவப்பெட்டியில் கால்மாட்டில் வைத்தேன். விசாரணையில், அனுமதி இல்லாமல் அவனாகவே ஏறினான் என்று எழுதினார்கள். என்னைக் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருடம் கழித்து, இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும், அதே லைனுக்கு அருகில் உள்ள ஊரில் கும்பாபிஷேகம். நிலக்கோட்டையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வாங்கி, சின்ன விமானத்தில் ஏற்றி, கோபுரத்துக்கு மேலே தூவப் போகிறார்கள் என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவரிடம் போனேன்.

"ஐயா, கெழக்க பெரிய லைன் போகுது. தாழ்வா வந்தா ஆபத்து. பைலட்டுக்குச் சொல்லி விடுங்கய்யா."

"அம்புட்டு ஒசரமா டவர் நிக்குது, அது அவருக்குத் தெரியாதாக்கும்?"

"டவர் தெரியும்யா, கம்பி தெரியாது. மேலருந்து பாத்தா செம்மண்ணோட செம்மண்ணாப் போயிரும். உச்சியில ஓடுற எர்த்துக் கம்பி இன்னும் மெலிசு."

"ஏலே அஞ்சாப்பு, பைலட்டுக்கே பாடம் எடுக்க வந்துட்டியா? போ, போயிப் பந்தியில ஒக்காரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அந்தக் கம்பியை உச்சியிலிருந்து குனிந்து பார்த்தவன் அங்கே நான் ஒருவன்தானே. கம்பியில் மாட்டினால் விமானத்தில் இருப்பவர்கள் மட்டுமா போவார்கள்? காடு முழுக்கப் பிள்ளை குட்டியோடு ஜனம் நின்றது. மறுபடியும் வாயை மூடிக்கொண்டோமே என்ற ஆத்திரத்தில், ஒருவரிடமிருந்து சிவப்புத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு லைனைப் பார்த்து ஓடினேன்.

காலை ஒன்பது மணி, பளிச்சென்று வெயில். முதல் சுற்று உயரத்தில் வந்து பூவைக் கொட்டினார்கள், காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கூட்டம் கத்தியது. இரண்டாம் சுற்றில் விமானம் பனைமர உயரத்துக்கு இறங்கி, நேராகக் கம்பியைப் பார்த்து வந்தது. நான் பாதி தூரம்கூடப் போகவில்லை. இருந்த இடத்திலேயே துண்டை ஆட்டினேன், யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்போதுதான் எதிரே தெரிந்த டவர் உச்சியில் ஒருவன் நிற்பதைப் பார்த்தேன். கரண்ட் ஓடுகிற லைன், அங்கே யாரும் ஏற முடியாது. அவன் கையிலும் சிவப்புத் துணி இருந்தது, ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீசினான். விமானம் மூக்கைத் தூக்கியது. சக்கரம் கம்பியை உரசாமல் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

டவர் அடிக்குப் போனபோது மேலே யாரும் இல்லை. இறங்கி ஓட மறைவும் இல்லை, சுற்றிலும் உழுது போட்ட வெறும் காடு. அடியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. இடது வாரில் அலுமினியக் கம்பி, அதே முறுக்கு. நான் தொடவில்லை. மேலே ஆள் இருக்கும்போது செருப்பை எடுக்கக் கூடாது.

சாயங்காலம் மாலை மரியாதைக்கு பைலட் காரில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டவர் மேல ஆள ஏத்தி விட்டது யாருங்க? அவர் துணிய ஆட்டலன்னா, அங்க கம்பி இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆளில்ல சார், எங்க சாமி!" என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த விழாவுக்கும் விமானம் கூப்பிடப் பேசினார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போய், எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "அந்தோணி தப்புப் பண்ணல சார். செருப்பு அடியிலதான் கெடந்துச்சு. நீங்கதான் வந்து பாக்கல."

"மூணு வருசம் கழிச்சு எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

வேலை போனது. எழுதியதை அவர்கள் மாற்றவில்லை. அந்தோணி மனைவியிடம் மட்டும் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதாள்.

இப்போதும் அந்த வழியாகப் போனால் டவர் அடியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். செருப்பு அங்கேதான் கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள்கூடத் தொடுவதில்லை. போன மாதம் குனிந்து பார்த்தேன். குதிகால் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. வலது வாரும் அறுந்து, கம்பியால் கட்டியிருக்கிறது. அந்தக் கம்பி இன்னும் பளபளப்பு மங்கவில்லை.